காலி சைட்டில் காங்கிரஸ் செடி: பிடுங்குவதா, மருந்தடிப்பதா, வீடு மாறுவதா?

எங்கள் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு முப்பதுக்கு நாற்பது சைட் காலியாகக் கிடக்கிறது. பெங்களூரில் மனை என்று யாரும் சொல்வதில்லை, சைட்தான். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், வீடு கட்ட அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஜூன் மாதம் இரண்டு மழை நின்று பெய்தால் போதும், காரட் இலை மாதிரி ஒரு செடி அங்கே தரையோடு தரையாக விரியும். ஒரு மாதத்தில் தண்டு விட்டு இடுப்பு உயரம் வந்துவிடும். ஜூலை கடைசியில் பார்த்தால் அதன் மேலெல்லாம் பொரி இறைத்த மாதிரி வெள்ளைப் பூ. ராமமூர்த்தி நகரிலிருந்து கல்கெரே பக்கம் போனால் வழியெல்லாம் இதே காட்சிதான். கன்னடத்தில் காங்கிரஸ் கிட என்கிறார்கள், நாங்களும் காங்கிரஸ் செடி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பாடப்புத்தகத்தில் பார்த்தீனியம்.

அந்த ஒரு சைட் போன வருடம் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை என் மாமனாரை அரிப்பால் தூங்க விடவில்லை. அந்த ஆறு மாதத்தில் எங்கள் முன்னால் இருந்த வழிகள் எத்தனையோ. தோலுக்கு எந்த வைத்தியம், செடியை எப்படி ஒழிப்பது, இல்லை பேசாமல் வீட்டையே மாற்றிவிடுவதா என்று தினமும் பேச்சு. சிலவற்றைச் செய்து பார்த்தோம், சிலவற்றை விசாரித்துவிட்டு விட்டோம். உங்கள் வீட்டிலும் சொறிந்துகொண்டே ஒருவர் இருந்து, பக்கத்தில் இப்படி ஒரு சைட்டும் இருந்தால், எங்களுக்கு ஆன செலவும் நாட்களும் உங்களுக்கு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது காஞ்சொறி மாதிரி இல்லை

ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்குச் செடி பட்டு அரிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காஞ்சொறி, அடுத்தது பூனைக்காலி. காஞ்சொறியின் சுணை ஒவ்வொன்றும் ஓர் ஊசி. பட்ட அந்த நொடியே சுரீர் என்று ஏறும், தடிக்கும், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பூனைக்காலிக் காயின் மேலிருக்கும் பொன்னிறச் சுணையில் மியூகுனைன் என்ற புரதம் இருக்கிறது, அது தோலில் ஏறியதும் அரிப்பு தாங்காது. இந்த இரண்டும் யாரைத் தொட்டாலும் அரிக்கும். உங்களுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்ற பேதம் கிடையாது.

காங்கிரஸ் செடி அப்படி இல்லை. இன்றைக்குப் பிடுங்கினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் அதிலுள்ள பார்த்தீனின் என்ற பொருளைச் சிலருடைய உடம்பு மெல்ல மெல்ல எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. பதிவு முடிந்த பிறகு துளி பட்டாலும் போதும், ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் கிளம்பிவிடும். இன்னொரு வித்தியாசம், தொட வேண்டும் என்ற அவசியமே இல்லை. இலை, தண்டு, பூ எல்லாவற்றிலும் இருக்கும் நுண்ணிய மயிர்களில்தான் அந்தப் பொருள் இருக்கிறது. செடி காய்ந்ததும் அவை உதிர்ந்து தூசியோடு காற்றில் போகும். வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரையும் அது தேடி வரும்.

மாமா திருவண்ணாமலைப் பக்கம் விவசாயம் பார்த்தவர். நான்கு வருடத்துக்கு முன்பு எங்களோடு வந்து சேர்ந்தார். காலையில் நடக்கப் போனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழியோரத்தில் இருக்கும் காங்கிரஸ் செடியை வெறும் கையால் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போவார். "சும்மா நிக்கிற நேரத்துல நாலு செடி புடுங்கினா தெரு சுத்தமா இருக்கும்ல, ஏம்மா?" என்பார். நான்கு வருடமும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் போன ஜூலையில் கண்ணிமை தடித்தபோது எங்களில் ஒருவருக்குக்கூட அந்தச் செடி ஞாபகம் வரவில்லை.

வெயில் என்று நினைத்தோம். சோப்பு மாற்றினோம், துணி துவைக்கும் பவுடர் மாற்றினோம். கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் தோல் கறுத்து, சொரசொரவென்று ஆகிவிட்டது. பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்ட ஓர் அடையாளத்தை இங்கே சொல்கிறேன், இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம். வெயிலால் வரும் ஒவ்வாமை நேராக வெயில் படும் இடங்களில் வரும். மேல் இமை, காதுக்குப் பின்பக்கம், மோவாய்க்குக் கீழே இருக்கும் நிழல் பகுதி எல்லாம் தப்பித்துவிடும். காற்றில் வரும் தூசியானால் அந்த இடங்களில்தான் போய் ஒளியும், அப்புறம் கழுத்து, முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வியர்வையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மாமாவுக்கு முதலில் தடித்தது மேல் இமை. (வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வெயிலும் சேர்ந்து ஆகாமல் போய்விடலாம், அப்போது இந்த அடையாளம் குழம்பும் என்றும் சொன்னார்.)

ரத்தப் பரிசோதனையா, முதுகில் ஒட்டும் பரிசோதனையா

நாங்கள் முதலில் செய்த தவறு, ஒவ்வாமைக்கு என்று விளம்பரம் செய்யும் ரத்தப் பரிசோதனைக்குப் போனது. பெரிய பட்டியலாக ஒரு காகிதம் வந்தது. வீட்டுத் தூசியில் இருக்கும் உண்ணி, இறால் என்று என்னென்னவோ அதில் இருந்தன. மாமா மீனே எப்போதாவதுதான் சாப்பிடுவார். அந்தப் பரிசோதனை தும்மல், மூச்சிரைப்பு, உடனே தடிப்பது போன்ற உடனடி ஒவ்வாமையைப் பார்ப்பதற்கானது. இரண்டு நாள் கழித்துக் கிளம்பும் இந்த வகை அதில் தெரியாது. இதற்குத் தனியாக பேட்ச் டெஸ்ட் இருக்கிறது, தோல் டாக்டர்கள்தான் செய்வார்கள்.

சின்னச் சின்ன வட்டத் தகடுகளில் ஒவ்வொரு பொருளாக வைத்து முதுகில் ஒட்டுகிறார்கள். பக்கத்தில் பேனாவால் எண். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. மாமா அந்த இரண்டு இரவும் குப்புறப் படுத்துத் தூங்கினார். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தார்கள், நான்காம் நாள் மறுபடியும் பார்த்தார்கள். மற்ற வட்டங்கள் எல்லாம் வெறும் தோலாக இருக்க, ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து மேலெழும்பி, அதற்குள் கடுகு மாதிரி சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அந்த எண்ணுக்கு நேரே பார்த்தீனியம் என்று எழுதியிருந்தது. மாமா திரும்பிப் பார்க்க முடியாததால் போனில் படம் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

முதுகிலேயே நோய் கிளம்பியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ இந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவார்கள். அதனால் முதலில் பேட்ச் டெஸ்டா, ரத்தமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில் பேட்ச் டெஸ்ட்தான், அதுவும் கண்ட மாத்திரைகளை விழுங்கும் முன்பே.

இந்தப் பரிசோதனையால் கிடைத்த இன்னொரு பயன் நாங்கள் எதிர்பார்க்காதது. காங்கிரஸ் செடியும் சேவந்திப் பூவும் ஒரே குடும்பம். ஒன்று ஆகாதவர்களில் சிலருக்கு மற்றதும் ஆகாது. வெள்ளிக்கிழமை தவறாமல் முழக்கணக்கில் சேவந்தி வாங்கிப் படத்துக்கு மாமாதான் சாத்துவார். மரிக்கொழுந்தும் அதே குடும்பம். இப்போது எங்கள் வீட்டில் மல்லியும் துளசியும்தான்.

தோலுக்கு: ட்யூப், மாத்திரை, வீட்டு வைத்தியம்

வீட்டு வைத்தியத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் மாமா குளித்தார், அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. தேங்காய் எண்ணெய் காய்ந்த தோலை இளக்கும், அதையும் டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழம் தேய்ப்பதும் சுண்ணாம்பு தடவுவதும் கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதுவே வெந்து கறுக்கும். புண்ணான தோலில் சுண்ணாம்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

மருந்துக்கடையில் கேட்டால் ஒரு ட்யூப் தருவார்கள். தேமலுக்கும் அதுதான், படைக்கும் அதுதான், அரிப்புக்கும் அதுதான். பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, அவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு எல்லாம் ஒன்றாகக் கலந்தது. மாமாவுக்கு அதைத் தடவிய மூன்றாம் நாள் முகம் பளிச்சென்று ஆனது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். நிறுத்திய வாரமே முன்னைவிட மோசம். மறுபடி தடவினோம். இப்படி ஏழு வாரம். கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. வீரியமான ஸ்டீராய்டை அங்கே வாரக்கணக்கில் தடவினால் தோல் இன்னும் மெலியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறவும் வாய்ப்பு உண்டு. இதை டாக்டர் சொன்னபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது, தடவிவிட்டவள் நான்தான்.

அதே ஸ்டீராய்டை டாக்டரும் கொடுத்தார், ஆனால் இடம் பார்த்து. முழங்கை மடிப்புக்கும் கைக்கும் வீரியமானது, அதுவும் இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லி. கழுத்துக்கு மிதமானது. இமைக்கு ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. முதல் சில நாள் எரியும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பினார். எரிந்தது, நிறுத்தவில்லை, அடங்கியது.

அரிப்புக்குப் போடும் ஒவ்வாமை மாத்திரை தூங்க உதவியது. தோலில் எந்த மாற்றமும் இல்லை. அது போதும் என்று இருந்துவிடக் கூடாது.

உடம்பெல்லாம் பரவியவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சில வாரம் கொடுப்பார்கள். சீக்கிரம் அடக்கும். ஆனால் மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதை ஏற்றிவிடும். அதனால் அசதயோபிரின் பற்றிப் பேச்சு வந்தது. இந்தியாவில் இந்த நோய்க்குப் பல வருடமாகத் தோல் டாக்டர்கள் கொடுத்துவரும் மருந்து இது. எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்துவது, பலன் தெரியப் பல வாரம் ஆகும், ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கச் செடியோடு இருந்தே ஆக வேண்டிய விவசாயிக்கும் தோட்ட வேலை செய்பவருக்கும் அது தேவைப்படலாம். டாக்டர் மாமாவிடம் சொன்னது இது: "முதல்ல அந்தச் செடியை உங்ககிட்டேர்ந்து தூரமா வைக்கப் பாருங்க. ஒரு மாசம் பார்ப்போம். அதுக்கும் அடங்கலைன்னா மாத்திரை."

அதுவரை சைட்டை ஒரு பிரச்சினையாகவும் தோலை இன்னொரு பிரச்சினையாகவும் நினைத்திருந்தோம். ஏழு வாரம் ட்யூப் தடவியும் ஏன் நிற்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. ஜன்னலுக்கு வெளியே எதிரி நிற்கும்போது எந்தக் களிம்பும் சில நாள் தவணைதான் வாங்கித் தரும்.

சைட்டை என்ன செய்வது

செடியைப் பற்றிக் கொஞ்சம். மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி இது. நம் நாட்டில் 1955 வாக்கில் புனேயில் முதலில் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள், வெள்ளைத் தொப்பி மாதிரிப் பூ என்பதால் காங்கிரஸ் என்று பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். 1970களிலேயே இதனால் வரும் தோல் நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், கர்நாடக அரசு 1975இல் இதைத் தீங்கான களை என்று அறிவித்தது. முளைத்த நான்கைந்து வாரத்தில் பூக்கத் தொடங்கிவிடும். ஒரு செடி பதினையாயிரம் விதை வரை, நன்றாக வளர்ந்தால் அதற்கு மேலும் உதிர்க்கும். விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெங்களூரில் மே, ஜூனிலும் மழை, செப்டம்பர், அக்டோபரிலும் மழை. வருடத்துக்கு மூன்று, நான்கு தலைமுறை வந்துபோகும். இதை ஒரே நாளில் ஒழிக்கும் வழி எதுவும் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே இருப்பதைப் படியுங்கள்.

தெருக்காரர்கள் சேர்ந்து முதலில் செய்தது மெஷின் வைத்து வெட்டியது. இருப்பதிலேயே சுலபம், இருப்பதிலேயே மோசம். தோளில் மாட்டிய மெஷினோடு ஒருவர் வந்தார், இரண்டு மணி நேரத்தில் சைட் மொட்டை. செடி அப்போது முழுப் பூவில் இருந்தது. அந்தச் சுழலும் கம்பி இலையையும் பூவையும் பொடியாக்கிக் காற்றில் இறைத்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் பச்சைத் துகள் ஒட்டியிருந்தது. மாமா உள் அறையில்தான் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. இதில் வேர் மண்ணிலேயே இருப்பதால் இரண்டு வாரத்தில் அடித்தண்டிலிருந்து பக்கக் கிளை விட்டு, முழங்கால் உயரத்திலேயே மறுபடி பூத்தது. வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் பக்கத்து சைட்டில் மெஷின் ஓட விடாதீர்கள். ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் அவரை அன்றைக்கும் அடுத்த நாளும் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

உப்புக் கரைசல் செலவில்லாதது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாதாரண உப்பு, 2 மில்லி சோப்புக் கரைசல். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு இரண்டு கிலோ உப்பு. நல்ல வெயில் நாளில், இளஞ்செடி நனைய நனைய அடித்தால் கருகிவிடும். மழைக்கு முந்தின நாள் அடித்தால் வீண். ஆனால் திரும்பத் திரும்ப அடித்தால் மண் உப்பாகிவிடும், காம்பவுண்டு சுவர்ப் பூச்சையும் அரிக்கும். நடைபாதைக் கல் இடுக்கு, தெரு முனை மாதிரிச் சின்ன இடங்களுக்கு இது சரி. முழு சைட்டுக்கு நான் அடிக்க மாட்டேன்.

களைக்கொல்லியைப் பற்றி நிறைய விசாரித்தேன். கிளைபோசேட் எல்லோரும் சொல்லும் பெயர். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. நாமே வாங்கிக் கலக்கி அடிக்கும் பொருளாக அதை நினைக்கக் கூடாது. 2,4-டி என்பது இன்னொன்று, அகன்ற இலைச் செடிகளைத் தாக்கும். அதன் சாரல் காற்றில் வந்தால் உங்கள் மாடியில் இருக்கும் தக்காளிச் செடியும் சுருண்டுவிடும். எங்கள் தெருவில் நாய்கள் அந்த சைட்டில்தான் படுக்கும், கட்டட வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள் அங்கேதான் விளையாடும். இதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு முக்கியமாகப் பட்ட காரணம் வேறு. மருந்தடித்துச் செத்த செடி நின்ற இடத்திலேயே நிற்கும். காய்ந்து முறுகி, மாதக்கணக்கில் தூசியாக உதிரும். பார்த்தீனின் செடி செத்ததும் போய்விடாது. ஏக்கர் கணக்கில் தரிசு வைத்திருப்பவருக்குக் களைக்கொல்லி பொருந்தலாம், ஒவ்வாமை நோயாளியின் ஜன்னலுக்குப் பக்கத்தில் பொருந்தாது.

வண்டு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் சுருக்கமாகச் சொல்ல மனமில்லை. மெக்சிகோவிலிருந்து 1983இல் ஒரு வண்டைக் கொண்டுவந்து, ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்துப் பார்த்து, 1984இல் பெங்களூரில்தான் வெளியில் விட்டார்கள். வெளிர் நிற முதுகில் பழுப்புக் கோடு போட்ட, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வண்டு. புழுவும் வண்டும் இந்த இலையையே தின்கின்றன. மழைக்காலத்தில் மண்ணிலிருந்து எழும்பும், மழை ஓய்ந்ததும் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். போன ஆகஸ்டில் எங்கள் சைட்டின் ஒரு மூலையில் பார்த்தேன். நரம்பு மட்டும் மிச்சமிருக்க இலையை அரித்து வைத்திருந்தன, அந்த மூலையில் பூவே இல்லை. ஊர் முழுக்க இந்தச் செடியைக் கட்டுக்குள் வைக்க அவை செய்யும் வேலை பெரியது. ஆனால் இந்த மாதம் அவதிப்படும் ஒருவருக்காக வண்டை நம்பிக் காத்திருக்க முடியாது. எப்போது வரும், எந்த மூலையைத் தின்னும் என்பது அதன் கையில். வண்டு இருக்கும் இடத்தில் மருந்தடிக்காமல் விட்டால் அதுவே நாம் செய்யும் உதவி.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது கையால் பிடுங்குவது. பழைய முறைதான், மாமா நான்கு வருடமாகச் செய்ததும் அதுதான். ஆனால் மூன்று நிபந்தனை. பூ வரும் முன்பே பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு வர வேண்டும், ஈரத்தில் தூசியும் பறக்காது. அப்புறம், ஏற்கெனவே தோலில் அடையாளம் உள்ள ஒருவரும் அந்த சைட்டில் கால் வைக்கக் கூடாது.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிடுங்க வந்தது தருமபுரிப் பக்கத்து அக்கா ஒருவர், கூடவே அவர் தங்கை. கட்டட வேலை இல்லாத நாளில் இப்படிக் களை எடுக்க வருவார்கள். அக்கா வந்ததும் இடுப்பிலிருந்து இரண்டு கேரி பேக்கை எடுத்துக் கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "சிமெண்டு அலர்ஜிக்கா எனக்கு. எது பட்டாலும் அரிக்கும்" என்று முழங்கையை மடக்கி நீட்டிக் காட்டினார். மடிப்பில் தோல் தடித்து, கறுத்து, கோடு கோடாக வெடித்திருந்தது. ஆறு மாதம் நான் தினமும் களிம்பு தடவிய அதே தோல், அதே இடம். இமையைப் பார்த்தேன், அங்கேயும். சிமெண்டினாலும் தோல் இப்படி ஆகும், கையில்தான் அதிகம் வரும். இமையும் கழுத்தும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வேறு.

மாமாவின் தோலைக் காப்பாற்ற இவருடைய தோலைக் கொடுப்பது எப்படி நியாயம்? இந்த நகரத்தில் காலி சைட்டைச் சுத்தம் செய்யும் பலரும் வெறும் கையோடுதான் செய்கிறார்கள், கூலி கொடுக்கும் நாம் கையைப் பார்ப்பதில்லை. களை எடுக்க ஆள் கூப்பிடும் முன் முழங்கை மடிப்பையும் கண்ணிமையையும் ஒரு முறை பாருங்கள், வருடா வருடம் அரிக்கிறதா என்று கேளுங்கள். அன்றைக்கு அக்காவுக்கு மாடித் தொட்டி கழுவும் வேலை கொடுத்து அதே கூலி கொடுத்தோம். தங்கைக்குத் தோலில் எந்த அடையாளமும் இல்லை. அவருக்கு உள்ளே பருத்திக் கையுறை, வெளியே பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. துணிக் கையுறை மட்டும் போட்டால் சாறு ஊறிக் கையிலேயே இருக்கும், அது இல்லாமலிருப்பதைவிட மோசம். வேலை முடிந்ததும் கை, முகம் சோப்புப் போட்டுக் கழுவ எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். அந்த உடையைத் தனியாக ஊறவைத்துத் துவைத்தோம். பூக்காத செடி என்பதால் சைட்டின் கடைசி மூலையில் குழி எடுத்து மட்கப் போட்டோம். எரிக்கவில்லை, புகையும் காற்றில்தானே வரும்.

வெறும் மண்ணாக விட்டால் மறுபடி அதுவே முளைக்கும். அந்த இடத்தை வேறு செடி பிடித்துக்கொள்ள வேண்டும். துத்தி, தகரை, ஆவாரை எல்லாம் இதை நெருக்கித் தள்ளும். செண்டுமல்லியும் சிலர் போடச் சொல்வார்கள், அதுவும் சேவந்திக் குடும்பம்தான், எங்களுக்கு வேண்டாம். மாமா ஊரிலிருந்து ஒரு பொட்டலம் துத்தி விதை வரவழைத்தார். உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி அனுமதி கேட்டோம், கூலியில் பாதியை அவரே அனுப்பினார்.

வீடு மாறுவது

இதையும் யோசித்தோம். ஒவ்வாமை மிகக் கடுமையாக இருந்து, மருந்துக்கும் அடங்காதவர்களுக்குச் செடி குறைந்த இடத்துக்குப் போனால் குறைவது உண்டு. ஆனால் எங்கே போவது? புற லேஅவுட் எதுவானாலும் காலி சைட் இருக்கும். ஊருக்கே திரும்பலாம் என்றால் அங்கேயும் வரப்பெல்லாம் இந்தச் செடி வந்துவிட்டது. வாடகை, முன்பணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டு போய், அங்கேயும் அடுத்த சைட்டில் அதுவே நின்றால்? கடைசி வழியாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக வீட்டுக்குள் செய்த சின்ன மாற்றங்கள் நான் நினைத்ததைவிட அதிகம் உதவின. மாமாவின் ஈரிழைத் துண்டு எப்போதும் கிழக்குப் பக்கக் காம்பவுண்டு சுவரில்தான் காயும். சைட்டைப் பார்த்த சுவர். பகலெல்லாம் அதில் தூசி படியும், சாயங்காலம் அதை எடுத்து முகத்தை அழுத்தித் துடைப்பார். ஆறு மாதமும் இதுதான் நடந்திருக்கிறது, என் கண் முன்னால். இப்போது அவர் துணி, தலையணை உறை எல்லாம் மேற்கு பால்கனியில் காய்கிறது. கிழக்கு ஜன்னலுக்கு நெருக்கமான வலை போட்டோம், வறண்ட காற்று அடிக்கும் மதியம் அதையும் சாத்திவிடுவோம். நடக்கப் போவது மழை பெய்து ஓய்ந்த பிறகு, அல்லது கட்டடங்கள் நெருக்கமான உள் தெருவில். வந்ததும் முகம், கழுத்து, கை கழுவிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

இந்த வருடம் ஜூனில் ஒரு முறை, ஜூலை நடுவில் ஒரு முறை பிடுங்கினோம். மாமாவுக்கு அசதயோபிரின் தேவைப்படவில்லை. கழுத்தில் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, ஜூலை கடைசியில் ஒரு வாரம் இமை தடித்தது, டாக்ரோலிமஸில் அடங்கியது. துத்தி ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. ஜன்னல் வலைக்கு உள்ளே நின்றுகொண்டு, "அது துத்தி, அதை விடு தாயி, பக்கத்துல இருக்கு பாரு, அதைப் புடுங்கு" என்று அக்காவின் தங்கைக்கு மாமா கை காட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவை ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். நேற்று செவ்வாய்க்கிழமை அவர் முதுகிலும் வட்டத் தகடுகளை ஒட்டினார்கள். சிமெண்டில் இருக்கும் குரோமேட்டுக்கு ஒன்று, பார்த்தீனியத்துக்கு ஒன்று. சனிக்கிழமை வரை வேலைக்குப் போகக் கூடாது, வியர்த்தால் தகடு கழன்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள், அந்த நாட்களின் கூலியைத் தெருவில் நான்கு வீடு பங்கிட்டுக்கொண்டோம். நாளைக்கு வியாழக்கிழமை, முதல் தடவை பிரித்துப் பார்ப்பார்கள்.